அவரைக்கு நாற்று நடவா, நேர் விதைப்பா?

ஆவுடையார்கோவில் வட்டாரத்து நெற்சாகுபடியில் இருமுறைகளும் வழக்கத்தில் உள்ளன. மழையையும் கண்மாய் நீரையும் நம்பிய நிலங்களில் புழுதியில் நேரே விதைக்கின்றனர். கால்வாய் நீர் எட்டும் இடங்களில் நாற்று நடுகின்றனர். கத்தரியும் மிளகாயும் நாற்றங்காலில் வளர்க்கப்படுவன. ஆகவே பந்தல் அவரையையும் நாற்றாக நடலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

கத்தரி நாற்று பிடுங்கும்போது வேரறுந்தாலும் விரைவில் புதுவேர் விடும். அவரையின் இயல்பு வேறு. முளைத்த சில நாட்களிலேயே அதன் ஆணிவேர் ஆழ இறங்கிவிடும். அது அறுந்தால் செடி வாடும். பிழைத்தாலும் பல நாட்கள் வளராது நிற்கும்.

இந்தத் தாமதத்தைப் பின்னர் ஈடு செய்ய இயலாது. நாட்டுப் பந்தலவரை, பகற்பொழுது குறுகுங் காலத்திற் பூப்பது. ஆடியில் விதைத்த கொடி அதற்குள் பந்தலில் நன்கு படர்ந்துவிடும். பிந்திய கொடியோ படருமுன்னரே பூத்துவிடும், காய்ப்புக் குறையும். ஆதலின் நேர் விதைப்பே சிறந்தது.

விதைக்கும் முறை வருமாறு: வரிசைகளுக்கு 10 அடியும், குழிகளுக்கு 6 அடியும் இடைவெளி விட்டு, நீளம், அகலம், ஆழம் ஒவ்வோர் அடியுள்ள குழிகள் எடுத்தல் வேண்டும். இவ்வாறு ஏக்கருக்குச் சுமார் 700 குழிகள் அமையும். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணுடன் கலந்து நிரப்புக. ஏக்கருக்கு 2 கிலோ விதை போதுமானது. ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியிற் குழைத்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி, குழிக்கு மூன்று விதைகளை ஓரங்குல ஆழத்தில் ஊன்றுக. விதைத்தவுடனும் மூன்றாம் நாளும் நீர் விடுதல் வேண்டும். நீர் தேங்கினால் விதை அழுகும். முளைத்தபின் வலிய செடிகள் இரண்டை நிறுத்தி, மற்றதைப் பிடுங்காமல் கிள்ளிவிடுக.

எலியாலும் மயிலாலும் சில குழிகள் பாழாவதுண்டு. அவற்றுக்கு மட்டும் நாற்று உதவும். விதைக்கும் நாளிலேயே, வாழையிலைத் தொன்னைகளில் மண்ணும் எருவும் இட்டு, தொன்னைக்கு ஒரு விதை வீதம் ஊன்றி வைக்கலாம். இரண்டு இலைகள் விரிந்ததும், மாலை வேளையில், அடியிலையைக் கிழித்து, மண் உதிராமல் தொன்னையோடு நட்டால் வேர் அசையாது, செடியும் வாடாது.

ஆடிக்கு முன்னரே விதையும் எருவும் சேகரித்து வைத்தல் நன்று. கிராம அலுவலர்கள் இதனைத் தத்தம் ஊர்க் குடிகளுக்கு எடுத்துரைத்து, பருவம் தவறாமல் விதைக்கச் செய்வார்களாக.