ஆணி அடிக்காத மேசை!

குட்டீஸ்! உங்கள் வீட்டு மர மேசையைக் குனிந்து பாருங்கள். எத்தனை ஆணிகள், திருகாணிகள் தெரிகின்றன? சீனாவில், நானூறு ஆண்டுகளுக்கு முன் செய்த சில மேசைகளில், ஆணியே கிடையாது. ஆனாலும், இன்றும் ஆடாமல் நிற்கின்றன.

சீனாவை மிங் வம்சத்தினர், 1368 முதல் 1644 வரை ஆண்டனர். அரசு, 1567ல் கடல் வணிகத் தடையைத் தளர்த்தியது. அதன்பின், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து உறுதியான மரங்கள் கப்பலில் வந்து இறங்கின. ஹைனான் தீவில் விளைந்த, பொன்னிறமும் நறுமணமும் கொண்ட, 'ஹுவாங்ஹுவாலி' மரத்துக்கும் மவுசு கூடியது.

ஒரு கட்டையின் நுனியை நாக்கு போல் செதுக்குவர். மற்றொரு கட்டையில், அதற்கு அளவெடுத்தாற்போல் துளையிடுவர். இரண்டையும் செருகினால், கை கோர்த்தது போல் இறுகிக் கொள்ளும்.

மழைக்காலத்தில், மரக்கதவு மூட முடியாமல் இறுக்கிப் பிடிக்கும் அல்லவா? ஈரக்காற்றில் மரம் உப்பும். வறண்ட காற்றில் சுருங்கும். இதை அந்தத் தச்சர்கள் நன்கு அறிந்திருந்தனர். மேசையின் மேல்பலகையைச் சுற்றிச் சட்டம் அமைத்து, சட்டத்தின் உள்விளிம்பில் பள்ளம் எடுத்து, அதில் பலகையைச் செருகினர். பலகை உப்பவும், சுருங்கவும் இடம் இருந்ததால் வெடிக்கவில்லை.

சொரசொரப்பான ஒரு செடியின் தண்டால் தேய்த்து, மரத்தை வழுவழுப்பாக்கினர்.

வாங் ஷிஷியாங் என்ற அறிஞர், 1914ல் பிறந்து 2009ல் மறைந்தவர். பழைய மரச்சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்த, 79 பொருட்கள் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சீன அரண்மனைகளில் பெரிதும் விரும்பப்பட்ட, 'சிதான்' மரம், நம் செம்மரம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் அது. ஆந்திராவின் சேஷாசல மலைகளிலும், தமிழகத்தில் சில இடங்களிலும் வளர்கிறது.

மரம் முற்றப் பல ஆண்டுகளாகும். வெட்டச் சில நிமிடங்கள் போதும். ஆசைப்பட்டு வெட்டியதால், ஹைனான் காடுகளில் ஹுவாங்ஹுவாலி அரிதாகி விட்டது. செம்மரமும் அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதன் பன்னாட்டு வணிகத்துக்கு, 1995 முதல் கட்டுப்பாடு உள்ளது. ஆனாலும் கடத்தல் ஓயவில்லை.

அந்தத் தச்சர்கள், ஒரு மரத்தை நானூறு ஆண்டுகள் பயன்படும்படி செய்தனர். நாமும், நம் வீட்டு மேசையின் கால் ஆடினால் தூக்கி எறியாமல், தச்சரிடம் கொடுத்துச் சரி செய்து பயன்படுத்தலாம். ஒரு மரம் பிழைக்கும். செய்வீர்கள்தானே, செல்லங்களே!