உங்களுக்குத் தெரியுமா? பெரிய பொதி எப்போதும் மலிவல்ல!

▪ கணக்கு: விலையை நிகர எடையால் (கிராம்) வகுத்து 100ஆல் பெருக்கினால் 100 கிராமின் விலை வரும். 400 கிராம் பால்மா 1,000 ரூபாய் என்றால் 100 கிராம் 250 ரூபாய். ஒரு கிலோ பொதி 2,600 ரூபாய் என்றால் 260 ரூபாய். இங்கே சின்னப் பொதிதான் இலாபம்.

▪ பாண்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2024இல் விதித்தபடி இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும். 150 ரூபாய்ப் பாண் 400 கிராம்தான் இருந்தால், 100 கிராமின் விலை 33.33இலிருந்து 37.50 ரூபாயாகிவிடும்.

▪ வாவி இறால்: தலையும் கோதும் போனால் கிலோவில் 600 கிராம் சதைதான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு இறால் கிலோ 1,500 ரூபாய் என்றால் சதை கிலோ 2,500 ரூபாய்க்கு வந்து நிற்கும். உடைத்த இறால் 2,300 ரூபாய்க்குக் கிடைத்தால் அதுவே மலிவு.

▪ எருமைத் தயிர்: மண்சட்டியின் பாரத்தைக் கழித்து, தயிரின் எடைக்கு மட்டும் விலையைக் கணக்கிடுங்கள். சட்டியின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

▪ வெளிநாட்டில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், பொருளின் விலையோடு கிலோ அல்லது லீற்றர் விலையையும் கடைகள் காட்டவேண்டும் என்கிறது.

▪ முறைப்பாடு: பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

(பொருள்களின் விலைகள் கணக்கை விளக்க எடுத்த மாதிரிகள்.)