லாரியில் ஜி.பி.எஸ். பெட்டி மாட்டியாச்சு... அது நிஜமாகவே வேலை செய்கிறதா? கவனிக்க வேண்டியவை என்னென்ன?

“அண்ணே, பெட்டி மாட்டியாச்சு. எஃப்.சி-க்கு வண்டியைக் கொண்டு போங்க.”

“எத்தனை நாளைக்குப்பா உழைக்கும் இது?”

“அது சேட்டிலைட்ல ஓடுதுண்ணே. ஒரு பிரச்சினையும் வராது.”

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரி பட்டறைகளில் இது போன்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். சிக்கல் அடுத்த எஃப்.சி-யின்போதுதான் வருகிறது. “உங்க வண்டி சிஸ்டத்துலயே காட்டலையே” என்பார்கள். டாஷ்போர்டுக்குள் பெட்டி பத்திரமாக இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் எதையும் அனுப்பியிருக்காது. ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு தவணை கட்டுபவருக்கு அன்றைய லோடு போய்விடும். மறுபடி ஒரு பெட்டிக்கும் காசு கொடுக்க வேண்டி வரலாம்.

பெட்டி ஏன் செத்துப்போகிறது? மாட்டும்போதே எதைப் பார்த்திருக்க வேண்டும்?

எந்த வண்டிகளுக்குக் கட்டாயம்?

இந்தப் பெட்டியின் முறையான பெயர் ‘வாகன இருப்பிடக் கண்காணிப்புக் கருவி’. ஆங்கிலச் சுருக்கத்தில் வி.எல்.டி.டி. அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தரவிதிதான் ஏ.ஐ.எஸ்.-140.

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு இந்தக் கருவியும் அவசர பொத்தானும் கட்டாயம். ஆட்டோ, இ-ரிக்‌ஷா போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நேஷனல் பெர்மிட் விதிகளிலும் 2018-ல் இந்தக் கருவி சேர்க்கப்பட்டது. நேஷனல் பெர்மிட் இல்லாமல் எரிவாயு, ரசாயனம் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகள் இதில் விடுபட்டிருந்தன. 3.5 டன்னுக்கு மேற்பட்ட அத்தகைய வண்டிகளையும் 2022-ல் மத்திய அரசு விதிக்குள் கொண்டுவந்தது. புதிய மாடல்களுக்கு 2022 செப்டம்பர் 1 முதலும், ஏற்கெனவே தயாரிப்பில் இருந்த மாடல்களுக்கு 2023 ஜனவரி 1 முதலும் இது அமலானது. எல்.பி.ஜி. டேங்கர் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

‘சேட்டிலைட்ல ஓடுது’ என்பது சரியா?

பாதிதான் சரி. குழப்பம் தொடங்குவதே இங்குதான்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘இப்போது மணி இவ்வளவு, நான் இருப்பது இங்கே’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிக்னல் தரைக்கு வரச் சுமார் ஒரு நொடியின் 15-ல் ஒரு பங்கு நேரமாகும். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை ஒப்பிட்டு, பெட்டி தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. இந்தியாவின் சொந்த அமைப்பான ‘நாவிக்’ செயற்கைக்கோள்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

அதாவது பெட்டி வானத்தைக் கேட்கும், திரும்பப் பேசாது. லாரி எங்கே நிற்கிறது என்று எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. கணக்கிட்ட இடத்தை வெளியே சொல்ல பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. நம் கையில் இருக்கும் போனைப் போல அதுவும் செல்போன் டவர் வழியாகத்தான் தகவலை அனுப்புகிறது. சந்தா முடிந்தால் தகவல் நின்றுவிடும். மேலே செயற்கைக்கோள் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்!

செயற்கைக்கோள் வழியாகவே பேசும் கருவியும் உண்டு. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கடலில் டவர் கிடையாது என்பதால் அங்கே அது தேவை. சாலையில் ஓடும் லாரிக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பதால்தான் சிம்.

டவர் இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை போன்ற காட்டு வழிகளில் சிக்னல் விட்டுவிட்டு வரலாம். அதற்காக இரண்டு ஏற்பாடுகளைத் தரவிதி கேட்கிறது. முதலாவது, ஒரு நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டால் இன்னொன்றுக்கு மாறும் உட்பொதிந்த சிம். இரண்டாவது, சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி. குறைந்தது 40,000 இருப்பிடப் பதிவுகளைப் பெட்டி நினைவில் வைத்திருக்க வேண்டும். 5 நொடிக்கு ஒரு பதிவு என்று வைத்தாலும் இது இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். மலை இறங்கி டவர் கிடைத்ததும் மொத்தமும் போய்ச் சேரும்.

மெயின் வயரை யாராவது வெட்டினால்? உள்ளே இருக்கும் பேட்டரி 4 மணி நேரம் தாங்க வேண்டும். மின்சாரம் துண்டானது என்ற எச்சரிக்கையும் போக வேண்டும்.

மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இடம்: பெட்டிக்கு மேலே இரும்புத் தகடு இருக்கக் கூடாது. கண்ணாடி, பிளாஸ்டிக் வழியாகச் செயற்கைக்கோள் சிக்னல் வரும், தகடு வழியாக வராது. டாஷ்போர்டுக்குள் வைத்தால் ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் நேராக அடிக்கும் இடத்தையும் தவிர்ப்பது நல்லது.

வயர்: அடிப்படையில் மூன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் பிளஸ், பாடியில் பிடிக்கும் எர்த், சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இக்னிஷன் வயர். பிளஸ்ஸையும் இக்னிஷனிலேயே கொடுத்துவிட்டால், சாவியை எடுத்ததும் பெட்டி உள்பேட்டரியில் மட்டும் ஓடும், இரவு ஹால்டில் அணைந்துவிடும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டால் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். சிலர் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கி, கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டியதாகிவிடும். 24 வோல்ட்டிலேயே ஓடும் பெட்டிக்கு இது தேவையே இல்லை.

டேங்கர் என்றால் கூடுதல் கவனம். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைச் சுற்றிவளைத்துத் தனி வயர் இழுக்கவே கூடாது. வாயு கசியும் இடத்தில் ஒரு தீப்பொறி போதும், பெரும் விபத்தாகிவிடும். கருவி நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஆள்தான் கை வைக்க வேண்டும்.

பட்டறையை விட்டுக் கிளம்பும் முன்...

பெட்டி குறைந்தது இரண்டு முகவரிகளுக்குத் தகவல் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது தரவிதி. ஒன்று அரசின் கண்காணிப்புக்கு, மற்றது உரிமையாளரின் பயன்பாட்டுக்கு. எனவே “என் போன்ல வண்டி ஓடுதே” என்று நிம்மதியாகிவிட முடியாது. ஆப்பில் தெரியும் வண்டி அரசு சர்வரில் தெரியாமலும் போகலாம்.

அதனால் காசு கொடுக்கும் முன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்:

* கருவிக்கு ஏ.ஐ.எஸ்.-140 ஒப்புதல் சான்று இருக்கிறதா? மாநிலப் போக்குவரத்துத் துறையின் பட்டியலில் அந்த நிறுவனம் உள்ளதா?

* பெட்டி மேல் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும், சான்றிதழில் உள்ள எண்ணும், ‘வாகன்’ தளத்தில் ஏறிய எண்ணும் ஒன்றுதானா? சேசிஸ் எண் சரியா?

* வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, இரண்டு இடத்திலும் அது நகர்வது தெரிகிறதா?

* சாவியை எடுத்த பிறகும் இருப்பிடம் காட்டுகிறதா?

* சிம் சந்தா எந்தத் தேதி வரை? புதுப்பிக்க எவ்வளவு? ரசீதில் எழுதித் தருவார்களா?

டிரைவருக்கு இதில் என்ன?

‘முதலாளி நம்மளை வேவு பார்க்குறார்’ என்ற வருத்தம் டிரைவர்களிடம் உண்டு. டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றாலே போன் வருகிறது என்றால் அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பெட்டி எதைப் பதிவு செய்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பதை டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

அதே பதிவு டிரைவருக்கும் சாட்சியாகும். லோடு இறக்கும் இடத்தில் இரண்டு நாள் காக்கவைத்துவிட்டு, “நேத்து ராத்திரிதானே வந்தீங்க” என்று ஹால்டிங் காசைத் தட்டிக்கழிப்பவர்களிடம் நேரத்தோடு எடுத்துக் காட்டலாம். ஆனால் அந்த இரண்டு நாளும் பெட்டி உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

லாரி ஆபீஸ் காலண்டரில் இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. தேதிகளைக் குறித்து வைப்பது பழைய வழக்கம். அதற்குக் கீழே சிம் சந்தா முடியும் தேதியையும் ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்த எஃப்.சி-க்கு வண்டியைத் தைரியமாகக் கொண்டுபோகலாம்.