நான்கு வழிச் சாலை: காலனிக்கு எந்த வழி?

கிழக்குக் கடற்கரைச் சாலை மறுபடியும் அகலமாகிறது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரையிலான பகுதி மாநிலத்தின் கையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆக மாறியது. இப்போது அதை மூன்று துண்டுகளாகப் பிரித்து நான்கு வழிச் சாலையாக்குகிறார்கள். மாமல்லபுரம் – முகையூர் ஒரு துண்டு. முகையூர் – மரக்காணம் ஒரு துண்டு. மரக்காணம் – புதுச்சேரி மூன்றாவது துண்டு. 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மூன்றாவது துண்டுக்கு 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிச் செல்லும் 108 வண்டிக்கும் நல்ல சாலை வேண்டும். சென்னைக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைக்கும் வேண்டும். நாம் கேட்பது வேறு. சாலையின் ஒரு பக்கம் காலனி, மறுபக்கம் கொல்லையும் பள்ளியும் சுடுகாடும் என்று இருக்கும் ஊர்களில், நான்கு வழி வந்த பிறகு காலனிக்கு எந்த வழி?

முதலில் திறப்பது எது?

இந்தச் சாலையின் வரலாறு நமக்குப் புதிதல்ல. மீனவர் குப்பங்களையும் சிற்றூர்களையும் இணைத்த சாலைகளை ஒன்றோடொன்று கோத்து, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் 1990களில் உருவானது அது. பிறகு தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம் போனது. 2002இல் சுங்கக் கட்டண வசூல் தொடங்கியது. உத்தண்டியில் சாவடி வந்தது. கடலோரம் முழுக்கச் சொகுசு விடுதிகளும் பண்ணை வீடுகளும் கேளிக்கைப் பூங்காக்களும் எழுந்தன. சவுக்குத் தோப்பில் கூலிக்கு மரம் வெட்டியவர்கள் அந்த விடுதிகளில் தோட்டம் கூட்டவும் பாத்திரம் கழுவவும் போனார்கள். சாலை அகலமானது. சாலையோரத்து மனை விலை ஏறியது. அந்த விலையில் பங்கு கேட்கப் பட்டா வைத்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இப்போது எல்லா நெடுஞ்சாலைகளும் துண்டு துண்டாகக் கட்டப்பட்டு, துண்டு துண்டாகத் திறக்கப்படுகின்றன. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் சாலையும் நான்கு தொகுப்புகளாகத்தான் பிரிக்கப்பட்டது. வேலையின் பெரும்பகுதி முடிந்தாலே தற்காலிக நிறைவுச் சான்று கொடுத்து வண்டிகளை விடலாம். மிச்சம் இருப்பது ‘எஞ்சிய பணிகள்’ பட்டியலுக்குப் போய்விடும். 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, அரசு நிதியில் கட்டப்படும் பகுதியில் பணி முடிந்த 45 நாள்களுக்குள் வசூல் தொடங்க வேண்டும். வசூலுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். காலனியின் அணுகு சாலைக்கும் சுரங்கப்பாதைக்கும் அந்த விதிகளில் நாள் குறிக்கப்படவில்லை.

2024 டிசம்பரில் சிதம்பரம் அருகே கொத்தட்டை சுங்கச்சாவடியில் வசூல் தொடங்கியபோது, தனியார் பேருந்து உரிமையாளர்கள் பேருந்துகளை நிறுத்திப் போராடினார்கள். செய்தி வந்தது, பேச்சுவார்த்தை நடந்தது. கட்டணம் கட்டுகிறவருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. இருசக்கர வாகனத்துக்குச் சுங்கம் இல்லை. நடந்து போகிறவருக்கும் இல்லை. ஆகவே காலனிக்காரருக்கு இந்தச் சாலையால் செலவே இல்லை என்று கணக்கு எழுதிவிடலாம். ஆனால் தலைச்சுமையோடு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிறவர் கட்டுவதும் சுங்கம்தான். அதற்கு ரசீது கிடையாது.

அரைக் கிலோமீட்டர் என்பது என்ன?

பொறியாளரின் வரைபடத்தில் ஒரு சுரங்கப்பாதைக்கும் காலனிக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் என்று இருக்கும். தூரம் குறைவுதான். ஆனால் அந்த அரைக் கிலோமீட்டர் யார் தெரு வழியாகப் போகிறது என்று வரைபடம் சொல்லாது. நம் ஊர்களில் தூரத்தை அளக்கும் கோல் வேறு. ஊர்த் தெரு வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்னென்ன கேட்க வேண்டும், பறையடித்துப் பிணம் தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். சாலையில் மையத் தடுப்பு எழுந்து, நேராகக் கடக்கும் பழைய வழி அடைபட்டால், காலனி மறுபடியும் ஊரின் தயவில் போய் நிற்க வேண்டும்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை அல்ல. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனி. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் என்ன நடந்தது? சுடுகாட்டுக்குப் போகும் நிலத்து வழி மறுக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சி வெளியே வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பாலம் கட்டியவர்கள் வண்டிகள் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பாடை எப்படிப் போகும் என்ற கணக்கு அதில் இல்லை.

இதே கடற்கரைச் சாலையில் மரக்காணம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் இந்தச் சாலையில் அணிவகுத்தபோது, சாலையோரத்துத் தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. ஆகவே ஒரு காலனியின் வாசலில் எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன, எத்தனை அடைக்கப்பட்டிருக்கின்றன என்பது எங்களுக்கு வெறும் போக்குவரத்து விஷயம் அல்ல. அது உயிர் விஷயம்.

கணக்கில் வராத குடும்பங்கள்

சாலைக்கு நிலம் எடுப்பதுபற்றிப் பேச ஒரு காலனியில் உட்கார்ந்திருந்தபோது, மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆயா குறுக்கிட்டார்: “பட்டா வச்சிருக்கறவங்களுக்குப் பணம் வருது. அந்தக் கொல்லையிலயே முப்பது வருசமா மல்லாட்ட புடுங்கன எனக்கு இன்னாப்பா வரும்?”

“சட்டத்துல உங்களுக்கும் இடம் இருக்கு ஆயா” என்றோம்.

“சட்டத்துல இருக்குது. லிஸ்ட்டுல இருக்குதா?” என்றார்.

அவர் கேட்டதுதான் இந்தப் பிரச்சினையின் முடிச்சு. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்பு, மறுவாழ்வு, மறுகுடியமர்வுச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ யார் என்று விளக்கும்போது, நில உரிமையாளரோடு நிற்கவில்லை. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், நிலமெடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அங்கே விவசாயக் கூலியாக, குத்தகைதாரராக, வாரதாரராக, கைவினைஞராக உழைத்து, அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்தால் அதுவும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அரசுத் திட்டத்தில் நிலம் ஒப்படை பெற்ற குடும்பமும் அப்படியே. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வழி சொல்கிறது.

நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி. 2015 ஆகஸ்ட் 28 அன்று ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணை, 2013 சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகளை நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் பொருத்தியது. ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற அத்தியாயம் பொருத்தப்படவில்லை. யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஊருக்குள் வந்து விசாரித்து, பொது விசாரணை நடத்தி எழுதும் வேலை அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. பணம் கொடுக்கும் கதவைத் திறந்தார்கள். எண்ணும் கதவைத் திறக்கவில்லை. எண்ணாதவருக்கு எப்படிக் கொடுப்பது?

நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி அறிவிக்கை அரசிதழில் வரும். அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில், ஒன்று உள்ளூர் மொழியில், வரும். 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அறிவிக்கையில் இருப்பவை புல எண்களும் பரப்பும். புல எண் இல்லாதவர் அந்தப் பக்கத்தில் தன்னை எங்கே தேடுவார்? மல்லாட்டை பறிப்பவர், சவுக்கு வெட்டுபவர், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருபவர் ஆகியோருக்கெல்லாம் புல எண் கிடையாது.

சுற்றுச்சூழல் விசாரணையும் இப்படித்தான். 2013இல் செய்த திருத்தத்தின்படி, இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை அதன் தடத்திலேயே விரிவாக்கும்போது, 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 40 மீட்டருக்கு மேல் கூடுதல் நிலமும் இருந்தால்தான் முன் அனுமதி தேவை. உத்தராகண்டில் சுமார் 900 கிலோமீட்டர் சார்தாம் சாலையை 53 திட்டங்களாகப் பிரித்தது உச்ச நீதிமன்றம் வரை சர்ச்சையானது. துண்டு போடுவதால் யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு துண்டிலும் நம் குரல் சிறிதாகிறது.

பஞ்சமி நிலம் சாலைக்குள் போனால்?

இந்தச் சாலை ஓடும் மண்ணுக்கு இன்னொரு கதை உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என ஒதுக்கப்பட்டது. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் தம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணை மக்கள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

பஞ்சமி நிலம் பிறர் பெயரில் மாறிக் கிடந்து, அது சாலைக்கு எடுக்கப்பட்டால் இழப்பீட்டை வாங்குவது யார்? பதிவேட்டில் பெயர் உள்ளவர். ‘அ’ பதிவேட்டில் அந்த நிலங்களுக்கு எதிரே இருக்க வேண்டிய ‘டி.சி.’ என்ற குறிப்பு, யு.டி.ஆர். கணக்கெடுப்பின்போது பல இடங்களில் விடுபட்டது என்பது நாம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார். வேலியோடு நிற்கும் நிலத்தையாவது ஒருநாள் மீட்கலாம். தார் போட்ட நிலத்தை மீட்க முடியாது. பணம் கைமாறிய பிறகு நூற்று முப்பது ஆண்டு உரிமையும் அந்தத் தாருக்குக் கீழே போய்விடும்.

திறப்பு விழாவுக்கு முன்

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. ஒன்று: சாலைத் தடத்தில் வரும் ஒவ்வொரு ஊரிலும் நிலமற்ற கூலிக் குடும்பங்களைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலைக் காலனியிலேயே ஒட்ட வேண்டும். இரண்டு: எடுக்கப்படும் புல எண்களைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு, பஞ்சமி நிலம் எனத் தெரிந்தால் உரியவர் யார் என்று முடிவாகும்வரை இழப்பீட்டை யாருக்கும் வழங்காமல் வைக்க வேண்டும். மூன்று: காலனியிலிருந்து பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் போக, வேறு தெருவுக்குள் நுழையாமல் கடக்கும் வழி இருக்கிறதா என்று மக்களோடு நடந்து பார்த்து எழுத வேண்டும். நான்கு: அந்த வழி திறக்காத துண்டில் சுங்க வசூலும் திறக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் கடப்பு வழி கேட்டு ஒரு தீர்மானம் எழுத வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ‘அ’ பதிவேட்டின் நகலையும் சாலையின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். காலனியில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சுரங்கப்பாதை குறித்திருக்கும் இடம்வரை நடந்து, எத்தனை அடி, எந்தத் தெரு வழியாக என்று எழுதி, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். வாய்ச்சொல்லைத் தள்ளுவது எளிது. புல எண்ணும் தேதியும் போட்ட மனுவைத் தள்ளுவது அவ்வளவு எளிதல்ல.

மரக்காணம் – புதுச்சேரித் துண்டில் மையத் தடுப்பு எழுந்துவிட்டால், அதில் ஒரு இடைவெளி கேட்டுப் பத்து வருடம் அலைய வேண்டும். வரைபடமாக இருக்கும்போது கேட்டால் ஒரு கோடு மாற்றினால் போதும். கேட்க வேண்டிய காலம் இதுதான்.