திருநீற்றுப்பச்சை

காஞ்சிபுரம் கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊராகும். பெரிய காஞ்சியில் ஏகாம்பரநாதர் திருக்கோயிலும், சின்ன காஞ்சியில் வரதராசப் பெருமாள் திருக்கோயிலும் விளங்குகின்றன. சிவனை வழிபடுவோர் வில்வத்தையும், திருமாலை வழிபடுவோர் துளசியையும் போற்றுவர். துழாய் என்றும் துளவம் என்றும் நம் முன்னோர் வழங்கிய துளசியை அறியாதார் இலர். ஆனால் அதன் உடன்பிறப்பாகிய செடியொன்று, அத்துணைச் சிறப்புப் பெறாமல், வீட்டுப் புழக்கடைகளில் ஒதுங்கி வாழ்கின்றது. அதுவே திருநீற்றுப்பச்சை. உருத்திரச்சடை என்பதும் அதன் பெயரே.

இவ்விரண்டும் ஓரினத்தன என்பதை எங்ஙனம் அறிவது? தண்டைத் தொட்டுப் பாருங்கள். அது நான்கு பட்டைகளாக இருக்கும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். புதினாவும் தும்பையும் இக்குடும்பத்தனவே. சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபொழுது, துளசியையும் திருநீற்றுப்பச்சையையும் ஒரே பேரினத்தில் அடக்கினார்.

உறவு நெருங்கியதாயினும் வேற்றுமையும் உண்டு. துளசியிலை மெல்லிய மயிர்களை உடையது. விளிம்பு பற்கள் போன்றது. பூங்கொத்து பெரும்பாலும் ஊதா நிறம் கலந்தது. திருநீற்றுப்பச்சையின் இலை வழவழப்பானது; பளபளப்பது; பூவோ பெரும்பாலும் வெண்மையானது. மணத்தாலும் இவற்றைப் பிரித்தறியலாம். துளசியைக் கசக்கினால் கிராம்பின் காரமணம் எழும். கிராம்பெண்ணெயில் மிகுந்துள்ள யூஜினால் என்னும் பொருள் துளசியிலும் இருப்பதே அதற்குக் காரணம். திருநீற்றுப்பச்சையிலோ சோம்பை ஒத்த இன்மணம் கமழும். நாட்டு மருந்துக் கடைகளில் சப்ஜா என விற்கப்படும் கரிய விதை இச்செடியினதே. அதனை நீரிலிட்டால் சிறிது நேரத்தில் வெண்பசை சூழ்ந்து பருக்கும். கோடையில் சர்பத்தில் இட்டுப் பருகுவது அதனையே.

ஐரோப்பியர் இச்செடியைப் பேசில் என்பர். ‘அரசர்க்குரியது’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். இத்தாலி நாட்டு ஜெனோவா நகரத்தார் இதன் பச்சையிலையைப் பூண்டு, பைன் மரத்தின் பருப்பு, பாலாடைக்கட்டி, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றோடு கல்லுரலில் இடித்துத் துவையலாக்குவர். தாய்லாந்து மக்களோ, நாம் மாடத்தில் வைத்து வணங்கும் துளசியையே மிளகாயோடு சேர்த்து வதக்கி உண்பர். ஓரிடத்தில் வழிபாட்டிற்கு உரியது, மற்றோரிடத்தில் அடுக்களைக்கு உரியதாயிற்று. வழக்கமே இவ்வேறுபாட்டைச் செய்தது, செடி செய்யவில்லை.

மணப்பொருளை உணவில் சேர்க்கும் கலையைக் காஞ்சி நகரம் நன்கறியும். மிளகும் சீரகமும் சுக்கும் கலந்து வேகவைக்கும் காஞ்சிபுரம் இட்லியே அதற்குச் சான்று. அத்தகைய ஊரில், கடைகளில் விற்கும் உலர்ந்த பேசில் இலையை விலை கொடுத்து வாங்குவோர், அதன் இனம் தம் புழக்கடையிலேயே நிற்பதை அறியாதிருத்தல் வியப்பன்றோ? தேங்காய்த் துவையலிலோ, இரசத்திலோ இதன் இலை சிலவற்றை இட்டுப் பாருங்கள். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கும்பொழுதே இடுதல் வேண்டும். நெடுநேரம் கொதித்தால் இலையிலுள்ள நறுநெய் ஆவியாகிவிடும்.

இதனை வளர்த்தல் எளிது. தொட்டியில் மணலும் எருவும் கலந்த மண்ணை இட்டு, விதையை மேலாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, நீர் தெளிக்க. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைக்கும். நல்ல வெயில் வேண்டும். வேரில் நீர் தேங்கலாகாது. செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுக. கிள்ளிய இடத்தில் இரு கிளைகள் தோன்றும். பூங்கொத்தையும் அவ்வப்பொழுது கிள்ளுதல் நலம். பூத்து விதை முற்றினால் செடி தளர்ந்து இலை குறையும். அடுத்த விதைப்பிற்காக ஓரிரு செடிகளை மட்டும் பூக்க விடுக.

ஒரு செடியின் பெயரை மறந்தால் அதன் பயனையும் மறந்துவிடுகிறோம். பெயரறியாத செடி களையாகிப் பிடுங்கி எறியப்படும். பெயரறிந்த செடி தண்ணீர் பெறும். ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் திருநீற்றுப்பச்சை எது எனக் கேட்டறியுங்கள். அதன் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பின்னர் அதற்கு ஒரு தொட்டியில் இடங்கொடுங்கள்.