சம்பளம் 20% ஏறினா, சாப்பாடு விலை எவ்வளவு ஏறணும்?



"ஆள் கூலி ஏறிடுச்சு சார், அதான் விலையை ஏத்திட்டோம்." கடையில நாம அடிக்கடி கேட்கிற பதில் இது. இதுல உண்மை இருக்கு, ஆனா முழு உண்மை இல்லை. மீதியையும் புரிஞ்சுக்கிட்டா, உங்க வீட்டு பட்ஜெட்டை இன்னும் சரியா போடலாம்.

ஒரு சின்ன மெஸ்ஸை எடுத்துக்குவோம். சாப்பாடு 100 ரூபாய். கணக்கு புரியறதுக்காக அதை இப்படிப் பிரிக்கலாம்:

மளிகை, காய்கறி – 40 ரூபாய்
ஆட்கள் சம்பளம் – 25 ரூபாய்
கடை வாடகை – 12 ரூபாய்
கேஸ், கரண்ட் – 10 ரூபாய்
இதர செலவு – 3 ரூபாய்
லாபம் – 10 ரூபாய்

இப்போ சம்பளம் 20% ஏறுதுன்னு வைங்க. 25 ரூபாய்க்கு 20%னா 5 ரூபாய். அதாவது சாப்பாடு 105 ரூபாய் ஆனா போதும். சம்பளம் 20% ஏறினா விலையும் 20% ஏறணும்னு அவசியமே இல்லை.

ஆனா ஓனர் விலையை ஏத்தாம விட்டா? லாபம் 10 ரூபாய்ல இருந்து 5 ரூபாய் ஆயிடும். அப்படியே பாதி! அதனாலதான் சின்னக் கடைகளால ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

அப்போ ஏன் 110 ஆக்குறாங்க?

வாடிக்கையாளர் போயிடுவாங்கன்னு பயந்து முதல்ல கொஞ்ச நாள் பொறுத்துக்குவாங்க. அதுக்குள்ள வாடகையும் மளிகையும் ஏறிடும். எல்லாத்தையும் சேர்த்து ஒரே தடவையா ஏத்துவாங்க. சில்லறைப் பிரச்சனை வேற இருக்கு.

உதாரணமா, 2022 நவம்பர்ல கார்டு இல்லாதவங்களுக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாய்ல இருந்து 60 ரூபாய் ஆச்சு. இது 25% உயர்வு. ஒரு டீக்கு 100 மில்லி பால்னு வைச்சா, கூடுதல் செலவு 1.20 ரூபாய். டீக்கடையில 1.20 ரூபாய் ஏத்த முடியுமா? ஒண்ணு 2 ரூபாய் ஏத்தணும், இல்லைன்னா நஷ்டத்தைத் தாங்கணும்.

இன்னொரு விஷயம், வரி. 5% ஜிஎஸ்டி போடுற ஹோட்டல்கள், தாங்க கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்க முடியாது. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18% வரி. அது முழுசும் அவங்க செலவுதான். கடைசியில அதுவும் நம்ம பில்லுக்குள்ளதான் வந்து சேரும்.

செலவு குறைஞ்சா விலை குறையுமா?

பெரும்பாலும் குறையாது. சிலிண்டர் விலை மாசாமாசம் ஏறி இறங்கலாம். ஆனா ஒரு தடவை ஏத்தின சம்பளத்தையும் வாடகையையும் குறைக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால "விலை இறங்கட்டும், பார்த்துக்கலாம்"னு பட்ஜெட் போடாதீங்க.

நீங்க என்ன பண்ணணும்?

1. சம்பள உயர்வை சதவீதத்துல பார்க்காம ரூபாய்ல பாருங்க. உங்க சம்பளம் 30,000. 5% ஏறினா 1,500 ரூபாய். வீட்டுச் செலவு 25,000. அது 8% ஏறினா 2,000 ரூபாய். சம்பளம் ஏறியும் மாசம் 500 ரூபாய் துண்டு விழுது! முதல்ல நிக்கிறது உங்க எஸ்ஐபிதான்.

2. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, வழக்கமா வாங்குற 10 பொருளோட விலையை எழுதி வைங்க. உங்க வீட்டு விலைவாசி உயர்வு அதுலதான் தெரியும்.

3. பாக்கெட் விலை மாறலைன்னா கிராமைப் பாருங்க. எடை குறைஞ்சிருந்தா அதுவும் விலை உயர்வுதான்.

அடுத்த இன்க்ரிமென்ட் வந்ததும் புது இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி, முதல் கணக்கை ஒரு தாள்ல போட்டுப் பாருங்க. மிச்சம் வருதுன்னா எஸ்ஐபியை ஏத்துங்க. துண்டு விழுதுன்னா, அந்த இஎம்ஐ இப்போதைக்கு வேண்டாம்.