கண்ணாடியிழைப் படகுகளுக்கான மேற்பூச்சு

கண்ணாடியிழைப் படகுகளுக்கான மேற்பூச்சு என்பது, வெயிலாலும் உப்புநீராலும் மங்கிய கண்ணாடியிழைப் படகின் (பேச்சுவழக்கில் ஃபைபர் படகு) புறப்பரப்பைப் புதுப்பிக்கப் பூசப்படும் வண்ணம் அல்லது காப்புப் படலம் ஆகும். பூசப்படும் பகுதி நீருக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா, அதன்மேல் ஏற்கெனவே உள்ள பூச்சு எது என்பவற்றைப் பொறுத்தே மேற்பூச்சு தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ஜெல்கோட்டின் நிலை

படகை அச்சில் வார்க்கும்போதே அமையும் நிறமேற்றிய பிசின் அடுக்கு ஜெல்கோட் எனப்படும். இது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. புற ஊதாக் கதிர்களால் சிதையும்போது, தொட்டால் சுண்ணப்பொடி போலக் கையில் ஒட்டும். மங்கல் மட்டுமே எனில், தேய்த்து மெருகிட்டு மெழுகு பூசினால் போதும், வண்ணம் தேவையில்லை. அடுக்கு மிகவும் தேய்ந்திருந்தால், விரிசல்களை நிரப்பிய பிறகு மேற்பூச்சு இடவேண்டும்.

பூச்சு வகைகள்

* ஜெல்கோட்: சிறு சேதங்களைச் சீர்செய்ய ஏற்றது. காற்றுப் படும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும் என்பதால், இறுதி அடுக்கில் மெழுகுக் கரைசல் சேர்க்கப்படுகிறது.
* ஒருகூறு வண்ணம்: எனாமல் போன்றவை. விலை குறைவு, தூரிகையால் பூசுவது எளிது. ஆனால் விரைவில் மங்கும்.
* இருகூறு பாலியுரித்தேன்: கடினமானது, பளபளப்பு நீடிக்கும். பரப்பைத் தயார்செய்வதில் மிகுந்த கவனம் தேவை.
* எப்பாக்சி: நன்கு ஒட்டும், நீரைத் தடுக்கும். வெயிலைத் தாங்காததால், பாலியுரித்தேனுக்கு அடிப்பூச்சாகப் பயன்படுகிறது.

நீர்மட்டத்துக்குக் கீழ்

எப்போதும் நீரில் நிற்கும் படகின் அடிப்பகுதியில் சாதாரணப் பாலியுரித்தேன் கொப்பளித்து உரியக்கூடும். உலர்ந்த பரப்பில் எப்பாக்சி அடுக்குகளும், அவற்றின்மேல் பாசியும் கொட்டலசும் படிவதைத் தடுக்கும் வண்ணமும் பூசப்படுகின்றன. கடலுயிரிகளுக்குத் தீங்கு விளைவிக்கும் கரிம வெள்ளீயச் சேர்மங்கள் கலந்த வண்ணங்களை, 2008இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை தடைசெய்துள்ளது.

தமிழ்நாட்டுக் கரையோரங்களில் மணலில் இழுத்து ஏற்றப்படும் படகுகளுக்கு உராய்வே பெரிய சிக்கல். நீரில் சிறிது சிறிதாகக் கரையும் மென்மையான வண்ணம் இவற்றில் நிலைக்காது. கடினமான பூச்சே ஏற்றது.

பழைய பூச்சைச் சோதித்தல்

தின்னரில் நனைத்த துணியைப் பழைய பூச்சின்மேல் சில நிமிடங்கள் வைக்கவேண்டும். பூச்சு இளகினால் அது பெரும்பாலும் ஒருகூறு வண்ணம். அதன்மேல் இருகூறு வண்ணம் பூசினால், அதிலுள்ள வலிய கரைப்பான் பழைய அடுக்கைச் சுருக்கி உரித்துவிடும். செலவும் உழைப்பும் வீணாகும். எனவே பழையதை முழுமையாக நீக்கவேண்டும்.

பாதுகாப்பு

இருகூறு பாலியுரித்தேனில் உள்ள ஐசோசயனேட்டு ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. தெளிக்கும்போது சாதாரண முகக்கவசம் இதைத் தடுக்காது. தூய காற்றை வெளியிலிருந்து குழாய்வழி அளிக்கும் சுவாசக் கருவி தேவை. அவ்வசதி இல்லாத இடங்களில் தெளிப்பதைத் தவிர்த்து, தூரிகையால் பூசும் ஒருகூறு வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.